ஓட்டல் மழையா, தெருமுனைத் தீவா?

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் டிக்கி பார், அதாவது பசிபிக் தீவு போல அலங்கரித்து ரம் கலவைகள் தரும் மதுக்கடை, என்றதும் வெளியூர் நண்பர்கள் கேட்பது ஒரே இடத்தைத்தான். நாப் ஹில் குன்றின் மேல், ஃபேர்மாண்ட் ஓட்டலுக்குள் இருக்கும் டோங்கா ரூம். வளைகுடாவின் இந்தப் பக்கம், அலமீடா தீவின் லிங்கன் அவென்யூவில் ஃபர்பிடன் ஐலண்ட் என்று ஒரு சின்னக் கடை இருப்பது அவர்கள் காதுக்கு எட்டியதே இல்லை. வழக்கமாகப் போய் உட்கார ஓரிடம் வேண்டும் என்றபோது நான் இந்தச் சின்னக் கடையைத்தான் பிடித்துக்கொண்டேன். நான் அலமீடாவாசி, தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எது கண்ணுக்கு விருந்து என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், டோங்கா ரூம்தான். 1929இல் கட்டிய ஓட்டல் நீச்சல்குளத்தை 1945இல் எம்ஜிஎம் ஸ்டூடியோவின் அரங்க அமைப்பாளர் மெல் மெல்வின் காயலாக மாற்றினார். சுற்றிலும் மேசைகள், நடுவில் தண்ணீர், அதில் கூரை வேய்ந்த படகு. இசைக்குழு அந்தப் படகிலேயே மிதந்துவந்து வாசிக்கிறது. திடீரென்று இடி முழங்குகிறது, மின்னல் வெட்டுகிறது, குளத்தில் மழை கொட்டுகிறது. ஓட்டலின் ஒரு பகுதியை அடுக்குமாடிக் குடியிருப்பாக்கும் யோசனை எழுந்தபோது, இதை இழந்துவிடக் கூடாது என்று நகரத்தில் பலர் குரல் கொடுத்ததில் வியப்பில்லை.

ஃபர்பிடன் ஐலண்ட் 2006இல் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெருவோடு தெருவாக இருக்கும். உள்ளே நுழைந்தால் கண் பழகவே கொஞ்ச நேரமாகும், அவ்வளவு இருட்டு. மூங்கிலும் கூரையுமாகக் குடிசை போன்ற தடுப்புகள், செதுக்கிய மரச் சிலைகள், ஒரு ஜூக்பாக்ஸ். மழையும் இல்லை, படகும் இல்லை. ஆனால் பானம் கலக்கும் மேடைக்கு முழங்கை தூரத்தில் உட்காரலாம். அங்கே மை டை என்ற ரம் கலவை தயாராவதைப் பார்ப்பதே எனக்குப் பாதி இன்பம். பிழிந்த எலுமிச்சையின் பாதித் தோல், நொறுக்கிய பனிக்கட்டியின் மேல் குட்டித் தீவாகக் கவிழ்கிறது. பக்கத்தில் ஒரு கொத்துப் புதினா. கண்ணாடிக் கோப்பையை எடுத்தால் முதலில் மூக்குக்கு எட்டுவது புதினா, ரம் பிறகுதான்.

ரம்தான் இங்கே விஷயமே. அலங்காரம், விலை, இசை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு டிக்கி பாரை ஒரே அளவுகோலால் அளக்கச் சொன்னால், வீடு திரும்பும் வழி எது என்றுதான் கேட்பேன்.

கணக்கைப் பாருங்கள். டிக்கி பார் முன்னோடியான டிரேடர் விக் 1944இல் ஓக்லாந்தில் உருவாக்கிய மை டையில் ரம் மட்டுமே 60 மில்லி. அதோடு ஆரஞ்சு குராசோ மதுவும் சேரும். நம் ஊர்க் கணக்கில் ஒரு லார்ஜுக்கு மேல். ஆனால் எலுமிச்சையும் பாதாம் பாகும் காரத்தை மூடிவிடுவதால் நாக்குக்கு அது சர்பத்தாகவே படுகிறது. ஹாலிவுட்டில் இன்னொரு முன்னோடியான டான் பீச் 1934இல் கலந்த ஜாம்பி என்ற பானம் இன்னும் மோசம். மூன்று வகை ரம், மொத்தம் 120 மில்லி. அதில் 30 மில்லி 75 சதவீத ஆல்கஹால். ஒரே கோப்பையில் நாலு ஸ்மால், அதில் ஒன்று இரட்டை வீரியம்! ஓர் ஆளுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்று அவர் கடையிலேயே விதி வைத்திருந்தார். அது விளம்பரத் தந்திரமும்கூட. ஆனால் அளவைப் பார்த்தால் இரண்டே அதிகம். கலிபோர்னியாவில் ரத்தத்தில் 0.08 சதவீதம் ஆல்கஹால் இருந்தாலே வண்டி ஓட்டுவது குற்றம். காரில் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அலமீடாவிலிருந்து டோங்கா ரூமுக்குப் போகும்போது வழி அமர்க்களம்தான். படகில் ஃபெரி பில்டிங், அங்கிருந்து கலிபோர்னியா தெருவில் கம்பி இழுக்க ஓடும் டிராமான கேபிள் காரில் குன்றேற்றம். திரும்பும்போதுதான் தலைவலி. கடைசிப் படகு எப்போதோ போயிருக்கும். வளைகுடாப் பகுதியின் மெட்ரோவான பார்ட் ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். அதைப் பிடித்தாலும் அலமீடா தீவில் ரயில் நிலையமே இல்லை, ஓக்லாந்தில் இறங்கி பஸ் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பாலம் கடந்து டாக்சி. அந்தக் கட்டணத்தில் இன்னொரு கோப்பை தாராளமாக வாங்கலாம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ரம் குடிப்பதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம். ஃபர்பிடன் ஐலண்டிலிருந்து நான் நடந்தே வீடு சேர்ந்துவிடுகிறேன். குளிர்ந்த காற்றில் அந்த நடையும் ஒரு மருந்துதான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாலினேசியச் சிலைகள், கரீபிய ரம், அமெரிக்க முதலாளி, தொடக்கக் காலத்தில் கோப்பை கலந்தவர்களில் பலர் பிலிப்பினோக்கள் என்று கூட்டிச் சேர்த்த கற்பனைதான் டிக்கி பார். தெய்வ உருவங்களைக் குடிக்கும் குவளையாக்கியதைப் பசிபிக் தீவினர் சிலர் கண்டிப்பதில் நியாயம் இருக்கிறது. இந்த விஷயத்தில் இரண்டு கடைகளும் ஒரே தட்டில்தான்.

ரம் வகைகளையே ஆராய விரும்புகிறவர்களுக்கு சான் பிரான்சிஸ்கோவின் கஃப் தெருவில் ஸ்மக்லர்ஸ் கோவ் இருக்கிறது. ஃபர்பிடன் ஐலண்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்ட்டின் கேட் 2009இல் திறந்தது. வாரநாளின் அமைதியான மாலையில் மட்டுமே நான் அங்கே இருந்திருக்கிறேன். ஆகவே வெள்ளி, சனி இரவுகளைப் பற்றி என் பேச்சை நம்ப வேண்டாம். ரம் பட்டியலின் ஆழத்தில் அதுவே முதல் என்று மட்டும் துணிந்து சொல்வேன். மேசையில் உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டும் என்கிறவர்களுக்கு, 1972 முதல் எமரிவில் படகுத்துறையில் இருக்கும் டிரேடர் விக்ஸ் பொருந்தும். மழைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் விருந்தினர் வந்தால் டோங்கா ரூமுக்கே அழைத்துப் போகிறேன். அன்றைக்கு எனக்கு ஒரே கோப்பை, டாக்சிச் செலவு அவர்களுடையது.