ரஸ்ட்டா, ஜிக்கா: முதல் முறை தொடுபவருக்கு எது?

சி மொழியில் புரோகிராம் எழுத ஓரளவு தெரியும், அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு ரஸ்ட் (Rust), ஜிக் (Zig) என்ற இந்த இரண்டு புரோகிராமிங் மொழிகளில் ஒன்றைத்தான் சொல்வேன்.

ரஸ்ட்டில் ஒரு ஸ்ட்ரிங்கை வேறொரு வேரியபிளுக்குக் கொடுத்துவிட்டுப் பழையதை பிரிண்ட் செய்து பாருங்கள். கம்பைலர் விடாது. ரஸ்ட்டில் ஒரு மதிப்புக்கு ஒரு நேரத்தில் ஒரே உரிமையாளர்தான். ஆனால் அந்த உரிமை எந்த வரியில் கைமாறியது, எங்கே குளோன் (நகல்) போடலாம் என்பதையும் சேர்த்தே சொல்லும். ஆரம்பத்தில் கண்டிப்பான வாத்தியார் மாதிரி எரிச்சலாகத்தான் இருக்கும். போகப்போக, அது திட்டாமல் விட்டால்தான் சந்தேகம் வரும்!

ஜிக்கில் அந்தக் கெடுபிடி இல்லை. மெமரி வேண்டுமா, அதை ஒதுக்கித் தரும் அலோகேட்டரை நீங்களே கொடுங்கள். அடுத்த வரியிலேயே டிஃபர் (பிளாக் முடியும்போது இதைச் செய் என்னும் கட்டளை) போட்டு அந்த மெமரி விடுபட ஏற்பாடு செய்துவிடுங்கள். மறந்தாலும் கம்பைல் ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், பயன்படுத்தாத ஒரு லோக்கல் வேரியபிளுக்கு மட்டும் அது எரர் காட்டி நிறுத்திவிடும்.

பழைய சி கோடு கையில் இருந்தால் ஜிக்தான் வசதி. அதன் கம்பைலரே சி-யையும் கம்பைல் செய்யும். மற்றபடி என் ஓட்டு ரஸ்ட்டுக்கு. அதன் பில்டு, பேக்கேஜ் கருவியான கார்கோ ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். அப்புறம், ரஸ்ட்டின் முதல் நிலையான பதிப்பான 1.0 வந்தது 2015-ல். ஜிக் இன்னும் அந்த எண்ணைத் தொடவில்லை. பழைய ஜிக் பாடங்களில் உள்ள கோடு புதிய பதிப்பில் ஓடாமல் போவது சகஜம்.