கடைசி 10 கிலோ பிச்சி: லாக்கா, அட்டாமிக்கா, க்யூவா?

தோவாளைப் பூச்சந்தையில் ஒரு மொத்தக் கடைக்கு ஜாவா என்கிற கணினி மொழியில் பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு கவுண்டர், இருப்பு ஒன்றுதான். விடியற்காலையில் கேரளாவுக்குப் போகும் வண்டிகள் வந்து நிற்கிற நேரம், கடைசி 10 கிலோ பிச்சியை இரண்டு கவுண்டரும் விற்றுவிட்டன. இரண்டாவது வண்டிக்குக் கடைக்காரர் பக்கத்துக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்கிக் கொடுத்தார்.

இருப்பைக் குறைப்பது பார்க்க ஒரே வரிதான், ஆனால் உள்ளே படி, கழி, எழுது என்று மூன்று வேலை நடக்கிறது. ஒவ்வொரு கவுண்டரின் வேலையும் ஒரு த்ரெட், அதாவது ஒரே புரோகிராமுக்குள் மற்றதோடு சேர்ந்து ஓடும் தனி ஓட்டம். இரண்டு த்ரெட்டும் 10 என்று படித்தன, இரண்டும் 0 என்று எழுதின. மைனஸில் போயிருந்தாலாவது கண்ணில் பட்டிருக்கும்! யார் எப்போது முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிற இந்த ரேஸ் கண்டிஷனைப் பிடிக்க நடுவில் ஒரு பிரிண்ட் வரி போட்டால் நேரம் மாறி, தப்பே வராமல் ஒளிந்துகொள்கிறது.

முதலில் தோன்றியது அட்டாமிக் இன்டீஜர், படி, கழி, எழுது மூன்றையும் நடுவில் யாரும் புக முடியாத ஒரே செயலாகச் செய்கிற எண். 2004-இல் ஜாவா 5-உடன் வந்தது, இன்றைக்கு எத்தனை பில் என்று எண்ண அதைவிட நல்லது இல்லை. ஆனால் இருப்பு போதுமா என்று பார்ப்பது ஒரு செயல், குறைப்பது இன்னொரு செயல். தனித்தனியே இரண்டும் பத்திரம்தான், நடுவில் இருக்கிற இடைவெளியில் மற்ற த்ரெட் புகுந்துவிடும். பழைய மதிப்பு மாறாமல் இருந்தால் மட்டும் எழுது என்கிற கம்பேர் அண்ட் செட் அதை அடைக்கும், ஒரே ஒரு எண்ணுக்கு. இருப்பும் வாடிக்கையாளர் பாக்கியும் சேர்ந்து மாற வேண்டுமென்றால் போதாது. இருப்பு மாறிக்கு முன்னால் வாலட்டைல் என்ற சொல்லைப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஒரு த்ரெட் எழுதியது மற்றதற்குத் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்த வழி க்யூ, அதாவது வரிசை. அதில் இருப்பைத் தொடுவது ஒரே த்ரெட், கவுண்டர்கள் கோரிக்கையை வரிசையில் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். எனக்குப் பிடித்த வழிதான், கோ (Go) என்கிற கணினி மொழியில் இப்படிப்பட்ட வரிசை சேனல் என்று மொழிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் இரண்டு கவுண்டருக்கு இவ்வளவு கட்டுமானம் அதிகம்.

அதனால் லாக் போட்டேன், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடுகிற பூட்டு. பார்ப்பது, குறைப்பது, பாக்கி ஏற்றுவது மூன்றும் ஒரே பூட்டுக்குள். இருப்பைச் சும்மா படிக்கிற இடத்திலும் அதே லாக் வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பில் பிரிண்ட் ஆவது மட்டும் கண்டிப்பாக வெளியே, இல்லையென்றால் பேப்பர் சிக்கினால் மற்ற கவுண்டரும் நின்றுவிடும். அப்புறம் பிச்சிக்கு ஒன்று, மல்லிக்கு ஒன்று என்று லாக்கைப் பிரித்தால், ஒருவர் பிச்சி-மல்லி என்றும் மற்றவர் மல்லி-பிச்சி என்றும் எடுத்தாலே, ஒருவர் கையில் இருக்கும் பூட்டுக்கு மற்றவர் காத்து இருவரும் நின்றுபோகும் டெட்லாக் வரலாம். எந்த பில்லாக இருந்தாலும் பிச்சி லாக்தான் முதலில்.