மரவேலைக் கூடத்திற்கு வேக்குவம் கிளீனரா, டஸ்ட் கலெக்டரா?

வேக்குவம் கிளீனரின் இழுவிசை அதிகம். ஆனால் அதன் வழியே செல்லும் காற்றின் அளவு குறைவு. ஆகவே, மெல்லிய குழாய் பொருத்தும் சாண்டர் (மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் கருவி), ரூட்டர் (மரத்தில் பள்ளமும் விளிம்பும் வெட்டும் கருவி) போன்ற கைக்கருவிகளுக்கு அது நன்கு பொருந்தும். இழைப்பு இயந்திரத்தில் மாட்டினாலோ, சுருள் சுருளாக விழும் சீவல்கள் குழாயின் வளைவில் சிக்கி அடைத்துக்கொள்ளும்.

டஸ்ட் கலெக்டர் 4 அங்குலக் குழாய் வழியே காற்றை ஏராளமாக இழுப்பதால் சீவல்களைத் தடையின்றி வாரிச் செல்லும். அதைச் சாண்டரின் சிறுதுளைக்குக் குறுக்கினால் பயன்படாது. இதில் விலையைவிட வடிகட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: மலிவான கலெக்டர்கள் பலவற்றில் வரும் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துணிப்பை சீவலை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு, நுரையீரல்வரை செல்லும் நுண்தூசியை அறைக்குள்ளேயே திருப்பி ஊதும். 1 மைக்ரான் வடிகட்டி இல்லாத கலெக்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். கைக்கருவிகளை மட்டும் பயன்படுத்துபவருக்கோ வேக்குவமே போதும்.