வடகடல் கோடை முகாம்: பிள்ளைகளை அனுப்பலாமா?

மண்டபம் பக்கம் வடகடல் (பாக் விரிகுடா) கரையில் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் 5 நாள் முகாம் இது. கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு, நின்றபடி துடுப்புப் போடும் பலகை, மூச்சுக்குழாய் மாட்டி நீருக்குள் பார்த்தபடி நீந்தும் ஸ்நார்க்கலிங் மூன்றும் உண்டு. பிள்ளைகளுக்கு மனத்திடம் வரும் என்கிறது நோட்டீஸ். அதற்கு உண்மையில் கைகொடுப்பது கவிழ்ப்புப் பயிற்சிதான்.

கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, திரும்ப ஏறச் சொல்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் சறுக்குவது ஒரே இடத்தில்: விளிம்பைப் பிடித்துத் தொங்குவார்கள், கால் படகுக்கு அடியில் போய்விடும், இழுத்தால் படகு மறுபடி தலைமேல் கவிழும். முதலில் காலை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு எதிர் விளிம்பை எட்டிப் பிடித்து, வயிற்றைக் குறுக்கே போட்டு, புரண்டு உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே இழுக்க வேண்டும். பயிற்றுநர் தூக்கிவிடுவதில்லை. "காலை உதை, காலை உதை" என்றபடி கையெட்டும் தூரத்தில் நிற்கிறார். அருமையான முறை. நாலு தடவை விழுந்து ஐந்தாவதில் தானாக ஏறிய பிள்ளைக்கு வரும் நம்பிக்கை, தூக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வராது. முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீர். அங்கே தரையை உந்தியே ஏறிவிடலாம் என்பதால், மறுநாள் கால் எட்டாத ஆழத்தில் திரும்பச் செய்ய வைக்கிறார்கள்.

இந்த மாதிரிப் பயிற்சிக்கு வேரே கடல்தான். 1941-ல் வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் நிறுவனம் நடத்திய லாரன்ஸ் ஹோல்ட்டும் தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் என்ற பயிற்சிப் பள்ளி, கப்பல் மூழ்கினாலும் இளம் மாலுமிகள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றே உருவானது.

குறைகளும் உண்டு. மே மாதத்தில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று இந்தக் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். தண்ணீர் குளம் போலத் தெரியும். பலகையோ சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். வெயில் ஏறினால் காற்றும் ஏறும் என்பதால் 9 மணிக்குள் பலகைப் பயிற்சியை முடிக்க வேண்டும். இங்கே 10 தாண்டியும் ஓட்டுகிறார்கள். காற்றில் மாட்டினால் நிற்கக் கூடாது, குப்புறப் படுத்துக் கையால் துழாவி வர வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் கைதட்டி, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். "எந்த இடத்தில் விட்டுவிடலாம் என்று தோன்றியது? அப்புறம் என்ன செய்தாய்?" என்று பத்து நிமிடம் கேட்டாலே போதும், பரீட்சையில் தடுமாறும்போதும் அது பிள்ளைக்கு நினைவுக்கு வரும். முகாம் கேட்காவிட்டால் வீட்டில் கேளுங்கள். பயந்த பிள்ளைக்கு "இன்று வேண்டாம்" என்று சொல்லும் உரிமையைத் தருகிறார்கள், அது நிறைவு.

லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையை மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை வந்தால் சின்ன அளவு கேளுங்கள். சொறி மீன் (ஜெல்லி மீன்) உடம்பில் படாமலிருக்க முழுக்கைச் சட்டை அவசியம். மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கப் பழக்கி அனுப்புங்கள்.