டெசர்ட் சுவை ஓவர்நைட் ஓட்ஸ் பாக்கெட்: பெயரில் இருக்கும் கேக் ஜாருக்குள் வருமா?

டிராமிசு (அடுக்கடுக்கான இத்தாலியக் காபி இனிப்பு), பிரவுனி, சீஸ்கேக், கேரட் கேக், ஆப்பிள் பை என்று கேக் கடைப் பலகை மாதிரி பெயர் போட்டு வரும் ஓவர்நைட் ஓட்ஸ் மிக்ஸ் பாக்கெட்டுகளைப் பற்றியது இந்த விமர்சனம். ராத்திரி பாலை ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் மூடியைத் திறந்து அப்படியே சாப்பிடலாம் என்கிறார்கள். அதில் பாதி உண்மை. ஓட்ஸ் நன்றாகவே ஊறிவிடுகிறது. கேக்தான் வந்து சேர மாட்டேன் என்கிறது.

ஏன் வரவில்லை என்பது பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிப் பார்த்தாலே தெரியும். மாதக்கணக்கில் அலமாரியில் கெடாமல் இருக்க வேண்டிய பொருள் என்பதால் உள்ளே எல்லாமே காய்ந்த சரக்கு. கிரீம் சீஸ், வெண்ணெய், எலுமிச்சைத் தோல், வதக்கிய ஆப்பிள் எதற்கும் அங்கே இடமில்லை. ஒரு டெசர்ட்டுக்குச் சுவை தருவது கொழுப்பு, லேசான புளிப்பு, ஒரு சிட்டிகை உப்பு, பல்லில் படும் மொறுமொறுப்பு. இத்தனையும் கழிந்த பிறகு மிஞ்சுவது சர்க்கரையும் எசென்ஸும்தான். போதாக்குறைக்கு, குளிர்ந்த உணவில் இனிப்பும் மணமும் நாக்குக்குக் குறைவாகவே எட்டும். அதை ஈடுகட்ட மேலும் சர்க்கரை சேர்க்கிறார்கள்.

அதனால் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். சேர்மானங்கள் எடை வரிசைப்படி, அதிகமானது முதலில் என்றுதான் அச்சாகும். ஓட்ஸுக்கு அடுத்த இடத்திலேயே சர்க்கரை நின்றால் அது காலை உணவு வேஷம் போட்ட இனிப்பு. நாட்டுச் சர்க்கரை, தேங்காய்ச் சர்க்கரை, டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப் என்று நாலாகப் பிரித்துப் போட்டிருந்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்த்தால்தான் கதை தெரியும். ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற கட்டத்தை நம்பாமல் 100 கிராம் கட்டத்தைப் படியுங்கள். வெறும் ஓட்ஸில் 100 கிராமுக்குச் சர்க்கரை ஏறக்குறைய 1 கிராம்தான். பாக்கெட்டில் 20 கிராம் என்று இருந்தால், 50 கிராம் பரிமாறலில் 10 கிராம், அதாவது இரண்டரை டீஸ்பூன். இதில் உலர்பழத்தின் சர்க்கரையும் பால் பவுடரின் சர்க்கரையும் கொஞ்சம் கலந்திருக்கலாம், உண்மைதான். ஆனாலும் சேர்க்கப்படும் சர்க்கரை நாள் முழுதுக்கும் 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்கு (2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு). காலை எட்டு மணிக்கே அதில் 10 கிராம் போய்விடுவது சின்ன விஷயமில்லை.

‘இதயத்துக்கு நல்லது’ என்ற முத்திரையிலும் கணக்கு இருக்கிறது. ஓட்ஸின் பீட்டா குளுக்கான் நாரை வைத்து அப்படிச் சொல்லிக்கொள்ள அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1997-இல் அனுமதித்தது, நாளைக்கு 3 கிராம் என்ற அளவை வைத்து. 40 கிராம் ஓட்ஸில் கிடைப்பது சுமார் ஒன்றரை கிராம். 50 கிராம் மிக்ஸில் ஓட்ஸே பாதிதான் என்றால் கிடைப்பது ஒரு கிராம்தான். ஊறவைத்தால், தாதுச் சத்துகள் உடலில் சேர்வதைத் தடுக்கும் ஃபைடிக் அமிலமெல்லாம் போய்விடும் என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகரலாம். அதை உடைக்கும் நொதி ஓட்ஸில் இயல்பாகவே குறைவு, ஆலையில் ஆவியில் வேகும்போது இருப்பதும் செயலிழந்துவிடும்.

அடுத்தது ஓட்ஸின் வகை. கொஞ்சம் மிக்ஸை வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். முழு இதழ்களாக, நடுவில் கோடு தெரியும்படி இருந்தால் ரோல்டு ஓட்ஸ், நல்ல சரக்கு. நொய் நொய்யாக உடைந்து மாவும் படிந்திருந்தால் குவிக் ஓட்ஸ். எட்டு மணி நேரத்தில் போஸ்டர் ஒட்டும் பசை ஆகிவிடும். தட்டையாக்காமல் துண்டாக வெட்டிய ஸ்டீல் கட் ஓட்ஸ் இதற்கு நேர் எதிர், விடிந்தாலும் நறுக் நறுக்கென்றே இருக்கும். வேகாத ஓட்ஸைச் சாப்பிடலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். ரோல்டு ஓட்ஸ் தட்டையாக்கும் முன்பே ஆவியில் வெந்தது, பயமில்லை. குளூட்டன் (கோதுமையிலும் பார்லியிலும் உள்ள புரதம்) ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் அதற்கென்று சான்று போட்டதையே வாங்க வேண்டும். கோதுமையும் பார்லியும் ஓடும் அதே எந்திரத்தில் ஓட்ஸும் ஓடியிருக்கலாம்.

பாக்கெட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க, வீட்டில் செய்வதற்கு ஒரு அடிப்படை அளவு வேண்டும். ஒரு ஆளுக்கு ரோல்டு ஓட்ஸ் 40 கிராம் (அரை கப்), பால் 120 மில்லி, கெட்டித் தயிர் 60 கிராம், சியா விதை ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, இனிப்பு இரண்டு டீஸ்பூன். குறைந்தது நாலு மணி நேரம், எட்டு மணி நேரமானால் உத்தமம். கலக்கியதும் மூடிவிடாமல் பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை அடிவரை கிளற வேண்டும். இல்லாவிட்டால் சியா அடியில் போய் ஒரே கட்டியாக உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கட்டியைக் காலையில் கரண்டியால் உடைத்தால் உள்ளே காய்ந்த விதை அப்படியே இருக்கும்.

சியா தன் எடையைப் போல் பத்து மடங்கு வரை தண்ணீரை இழுக்கும். ஒரு டீஸ்பூன் (4 கிராம்) 40 மில்லியைக் குடித்தால், ஒரு டேபிள்ஸ்பூன் (12 கிராம்) 120 மில்லியைக் குடித்துவிடும். அதாவது ஊற்றிய பால் மொத்தமும் அதற்கே. சியாவை வாரி இறைத்த பாக்கெட்டுகள் செங்கல்லாக இறுகுவது இதனால்தான். அளவுக் குறிப்பு என்ன சொன்னாலும் 40 மில்லி பாலைக் கூடுதலாக ஊற்றுங்கள். பாதாம் பால் என்றால் நிலைமை தலைகீழ். அது தண்ணீர் மாதிரி இருப்பதால் 20 மில்லி குறைக்க வேண்டும். கெட்டித் தேங்காய்ப் பாலில் கொழுப்பு குளிரில் உறைந்து திட்டுத் திட்டாக நிற்கும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் சரியாகும்.

இனி சுவை வாரியாக.

பாக்கெட்டுகளில் தேறுவது பிரவுனி. கொக்கோ இயல்பிலேயே காய்ந்த பொருள், அடைத்து விற்பதால் அதற்கு நஷ்டமில்லை. குறை ஒன்றே ஒன்று: குளிர்ந்த பாலில் கொக்கோ நனையாமல் மிதந்து கட்டி தட்டும். மிக்ஸின் மேல் முதலில் 30 மில்லி சூடான பாலை மட்டும் ஊற்றிக் குழைத்து, இரண்டு நிமிடம் விட்டு, மீதிப் பாலைக் குளிர்ச்சியாகச் சேர்த்தால் தீர்ந்தது. வீட்டிலேயே செய்வதானால் ஒரு டேபிள்ஸ்பூன் கொக்கோவை இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்நீரில் கூழாக்கிக்கொள்ளுங்கள். தயிர் சேரும் இடத்தில் சாதாரணக் கொக்கோவின் புளிப்பும் சேர்ந்து கரகரவென்று ஆகும். புளிப்பு குறையப் பதப்படுத்திய, ‘டச்’ என்று போட்டிருக்கும் கொக்கோ மென்மையாக இருக்கும். சாக்லேட் சிப்ஸ் ஃப்ரிட்ஜில் மெழுகுத் துண்டாகிவிடும். அதற்குப் பதில் சாக்லேட்டைச் சீவிப் போட்டால் நாக்கில் கரையும்.

இருப்பதிலேயே மோசம் சீஸ்கேக் பாக்கெட். தயிர்ப் பவுடரும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து புளித்த பால் பவுடர் வாசம் அடிக்கிறது. பிஸ்கட் துண்டுகளை மிக்ஸிலேயே கலந்து வைப்பது யார் யோசனையோ, விடியும்போது அவை இருந்த சுவடே இருக்காது. ஆனால் வீட்டில் செய்ய இதைவிட நல்ல சுவை வேறில்லை. 40 கிராம் கிரீம் சீஸை அரை மணி முன்பே வெளியே எடுத்து வையுங்கள். குளிராகவே அடித்தால் அரிசி அரிசியாகக் கட்டி நிற்கும், எவ்வளவு கலக்கினாலும் போகாது. முதலில் அதைத் தனியாகக் குழைத்து, 40 கிராம் தயிரைச் சேர்த்து, அரை டீஸ்பூன் துருவிய எலுமிச்சைத் தோலும் ஒரு டீஸ்பூன் சாறும் விட வேண்டும். சாறு நேராகப் பாலில் விழுந்தால் திரிந்துவிடும், தயிருக்குள் போனால் அடங்கியிருக்கும். பிறகு 100 மில்லி பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி, கடைசியில் ஓட்ஸ், சியா, உப்பு, இனிப்பு. பிஸ்கட்டை அரை டீஸ்பூன் உருக்கிய வெண்ணெயில் புரட்டித் தனி டப்பாவில் வைத்துக் காலையில் தூவுங்கள். வெண்ணெய்ப் பூச்சு ஈரத்தைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தும்.

மேலே பழம் வைப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. உறைந்த பெர்ரி இளகும்போது நீர் விடும், அதற்கு 20 மில்லி பாலைக் குறைக்க வேண்டும். பச்சை அன்னாசியும் கிவியும் பப்பாளியும் ராத்திரியே உள்ளே போனால் அவற்றின் நொதிகள் பால் புரதத்தை உடைத்து, காலையில் கசப்பு ஏறிவிடும். அவற்றை வேகவைத்துச் சேர்த்தால் ஒன்றும் ஆகாது.

டிராமிசு பாக்கெட் பெயருக்குத்தான் டிராமிசு, சாப்பிட்டால் காபி போட்ட கஞ்சி. குடிக்க நல்லாத்தான் இருக்கும், சாப்பிட இல்லை! அந்தப் பண்டத்தின் உயிர் அடுக்குகளில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் பொடியால் அதைத் தர முடியாது. ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபியை ஒரு டேபிள்ஸ்பூன் வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். அதை 105 மில்லி பால், 30 கிராம் தயிர், ஓட்ஸ், சியா, இனிப்புடன் கலந்து ஊறவையுங்கள். இரண்டு மணி நேரத்தில் இறுகியதும், 30 கிராம் மாஸ்கர்போனே சீஸும் 30 கிராம் தயிரும் ஒரு டீஸ்பூன் பொடித்த சர்க்கரையும் குழைத்து மேலே பரப்புங்கள். அதற்கு முன்பே ஊற்றினால் இரண்டும் ஒன்றோடொன்று கலங்கிப்போகும். நடுவில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபிங்கர் பிஸ்கட்டை உடைத்து வைக்கலாம். பிஸ்கட் நமத்துப்போவது வரமாக அமையும் ஒரே இடம் இதுதான். கொக்கோவைச் சாப்பிடப் போகும் நொடியில் டீ வடிகட்டியில் தட்டித் தூவ வேண்டும். ராத்திரியே தூவினால் ஈரம் இழுத்துக் கறுத்துத் திட்டாகிவிடும்.

கேரட் கேக் பாக்கெட்டில் காய்ந்த கேரட் துகள் குளிர்ந்த பாலில் முழுதாக இளகுவதில்லை, வெதுவெதுப்பான பாலை ஊற்றினால் கொஞ்சம் பரவாயில்லை. வீட்டில் என்றால் துருவியின் பொடிக் கண்ணில் துருவிய 30 கிராம் கேரட், கால் டீஸ்பூன் பட்டைத் தூள், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, ஒரு டேபிள்ஸ்பூன் திராட்சை. வால்நட் மட்டும் காலையில்.

ஆப்பிள் பை பாக்கெட் பரவாயில்லை ரகம். உலர்ந்த ஆப்பிள் நன்றாக ஊறும். புதுப் பழம் வேண்டுமென்றால் அரை ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் வெண்ணெயில் பட்டைத் தூளோடு ஐந்து நிமிடம் வதக்கி ஆறவைத்துச் சேருங்கள். ஆப்பிளுக்கும் ஊறிய ஓட்ஸுக்கும் பழைய உறவு உண்டு. சுவிஸ் மருத்துவர் பிர்ஷர்-பென்னர் 1900 வாக்கில் நோயாளிகளுக்குக் கொடுத்த மியூஸ்லியில் ஊறவைத்த ஓட்ஸ் ஒரு டேபிள்ஸ்பூன்தான், ஆப்பிளோ ஒரு முழுப் பழம். கூடவே எலுமிச்சைச் சாறு, கொட்டைகள், கண்டென்ஸ்டு மில்க். பிறக்கும்போதே பாதி டெசர்ட்!

புரதம் சேர்த்த பாக்கெட்டுகளில் வே புரதம் (பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுப்பது) என்றால் சுண்ணாம்பு மாதிரி நாக்கில் ஒட்டும், கேசீன் (பாலில் திரளும் புரதம்) என்றால் புட்டிங் போல் இறுகும். கேசீனே மேல். பாலை மட்டும் 40 மில்லி கூட்டிக்கொள்ளுங்கள்.

ஜார் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். 350 முதல் 400 மில்லி பிடிக்கும், வாய் அகன்ற கண்ணாடி ஜார் போதும். கழுத்து குறுகியிருந்தால் கரண்டி மூலைக்கு எட்டாது. மூடியின் சிலிக்கோன் வளையத்தைக் கழற்றிக் கழுவாவிட்டால் காபி வாசம் அடுத்த வாரச் சீஸ்கேக்கிலும் வரும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்குள் இருந்தால் மூன்று நாள் தாங்கும். வாழைப்பழம் அன்றன்றைக்கு நறுக்குவது. வெளியே எடுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

பிரயாணத்துக்கோ அவசரத்துக்கோ பாக்கெட்தான் வேண்டும் என்றால் பிரவுனி அல்லது ஆப்பிள் பை வாங்குங்கள். 25 கிராம் மிக்ஸோடு 20 கிராம் வெறும் ரோல்டு ஓட்ஸைக் கலந்தால் சர்க்கரை பாதியாகிவிடும், சுவையும் கெடாது. பெரிய பாக்கெட்டாக இருந்தால் அளக்கும் முன் ஒவ்வொரு முறையும் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குங்கள். சர்க்கரையும் கொக்கோவும் அடியில் இறங்கிவிடும், முதல் வாரம் முழுக்கச் சப்பென்றும் கடைசி இரண்டு நாள் பாகு மாதிரியும் இருப்பது அதனால்தான்.