குல்மார்க்கா, ஔலியா? காரைக்குடியிலிருந்து பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கு

டெல்லியில் இருப்பவர் வெள்ளிக்கிழமை மாலை வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு அன்று இரவே மலைக்குக் காரைக் கிளப்பிவிடலாம். காரைக்குடிக்காரருக்கு அந்த வசதி இல்லை. திருச்சிக்கோ மதுரைக்கோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர் போய், விமானம் பிடித்து, சென்னையிலோ டெல்லியிலோ இன்னொரு விமானம் மாறி, அதற்குப் பிறகுதான் மலைப்பாதையே தொடங்கும். நியாயமான விலையில் டிக்கெட் வேண்டுமானால் மாதக்கணக்கில் முன்னதாக எடுக்க வேண்டும். பனி எப்போது விழும் என்பதோ ஒரு வாரத்துக்கு முன்புதான் ஓரளவு பிடிபடும். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முன்கூட்டியே தேதி குறித்துக்கொண்டு போனாலும் காலடியில் பனி இருக்கும் வாய்ப்பு எந்த மலையில் அதிகம்?

என் பதில் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க். ஆனால் உத்தராகண்டில் இருக்கும் ஔலியைத் தள்ளிவிட மனம் வரவில்லை. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

பனி வரும் வழி

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாம். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நூறு கிலோமீட்டர் வடக்கே விலகினால் டெல்டாவுக்கு மழை, நம் கண்மாய்க்கு ஏமாற்றம். இமயமலைப் பனியிலும் இதே கணக்கு உண்டு. திசை மட்டும்தான் வேறு. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும், மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக மேல்மட்டக் காற்றோட்டத்தில் மிதந்து வருகின்றன. குளிர்காலத்தில் சராசரியாக மாதத்துக்கு நான்கு முதல் ஆறு வரை வரும். அவற்றின் வழியில் முதலில் நிற்பது காஷ்மீரின் பீர் பஞ்சால் மலைத்தொடர். குல்மார்க் இருப்பது அங்கேதான், ஏறத்தாழ 34 டிகிரி வட அட்சத்தில். ஔலி 30.5 டிகிரியில், உத்தராகண்டில். இடையூறு நன்றாகத் தெற்கே தாழ்ந்து இறங்கினால்தான் ஔலிக்குப் பெரிய பனி கிடைக்கும். பலவீனமான இடையூறுகள் காஷ்மீருக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, உத்தராகண்டின் மேல் வெறும் மேகமாகக் கடந்துவிடும்.

அடுத்தது உயரம். குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்னும் ரோப் காரின் முதல் கட்டம் கொங்டூரிக்கு, ஏறத்தாழ 3,080 மீட்டருக்கு ஏற்றும். இரண்டாம் கட்டம் அப்பர்வட் மலைத்தோளில் 3,950 மீட்டரை ஒட்டிக் கொண்டுபோய் விடும். ஔலியின் சறுக்குச் சரிவுகள் சுமார் 2,500 முதல் 3,050 மீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால், இந்த வித்தியாசம் மிகப் பெரியது. வெதுவெதுப்பான இடையூறு வந்து கீழே மழையாகப் பெய்யும் நாளில் குல்மார்க்கில் மேலே போக இடம் இருக்கிறது. ஔலியில் இல்லை.

இதனால் குல்மார்க்கில் பனி நிச்சயம் என்று எண்ணிவிடக் கூடாது. 2024 ஜனவரியில் பல வாரங்கள் அங்கே புல்வெளி பழுப்பாகவே கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதி பனியில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. ஔலியில் செயற்கைப் பனி பீய்ச்சும் கருவிகளும் அவற்றுக்குத் தண்ணீர் தரும் ஏரியும் உண்டு. என்றாலும் காற்று உறைநிலைக்குக் கீழே போனால்தான் அந்தக் கருவிகள் பயன்படும். வெதுவெதுப்பான குளிர்காலத்தில், தேவை அதிகமாக இருக்கும் நேரத்தில், அவை கைகொடுப்பதில்லை.

முன்னறிவிப்பில் எதைப் பார்ப்பது

எத்தனை சென்டிமீட்டர் பனி என்ற எண்ணை மட்டும் பார்த்து மகிழ்வது பெரும்பாலோர் வழக்கம். எனக்கு அதைவிட முக்கியம் உறைநிலை உயரம், அதாவது எந்த உயரத்தில் வெப்பம் பூஜ்யத்தைத் தொடுகிறது என்பது. பனி அந்தக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் கீழே வரையிலும் உருகாமல் இறங்கும். கோடு 2,900 மீட்டரில் இருந்தால் குல்மார்க் ஊரில் ஈரப்பனி, கொங்டூரியில் நல்ல பனி, ஔலியின் கீழ்ச்சரிவில் மழை. ஒரு மில்லிமீட்டர் மழைநீருக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பனி என்பது தோராயக் கணக்கு. குளிர் கூடினால் பனி இன்னும் பொலபொலவென்று உயரமாகச் சேரும்.

வானிலையைக் கணினியில் கணிக்கும் ஐரோப்பிய மாதிரியையும் அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாதிரியையும் வின்டி போன்ற செயலிகளில் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பத்து நாளுக்கு அப்பால் இரண்டும் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஐந்து நாளுக்குள் இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். கடைசி மூன்று நாளில் ஸ்ரீநகர் அல்லது டேராடூன் வானிலை மையத்தின் அறிக்கைதான் என் துணை. அவர்களுக்குத் தங்கள் பள்ளத்தாக்கு தெரியும்.

ஏற்றிச் செல்லும் கம்பி

குல்மார்க் கோண்டோலாவின் முதல் கட்டம் 1998இலும் இரண்டாம் கட்டம் 2005இலும் இயங்கத் தொடங்கின. காற்று பலமாக வீசினால் பழனி ரோப் காரை நிறுத்துவதைப் போல இதையும் நிறுத்திவிடுவார்கள், அதிலும் இரண்டாம் கட்டத்தை அடிக்கடி. புதுப்பனி கொட்டிய மறுநாள் பனிச்சரிவு அபாயத்தால் மேல்பகுதி மூடியிருக்கும். டிக்கெட் இணையத்தில் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஔலியின் பெருமையே ஜோஷிமட்டிலிருந்து ஏறும் நான்கு கிலோமீட்டர் ரோப்வேதான். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் கண்டபோது அது நிறுத்தப்பட்டது. அதை நம்பித் திட்டமிடாதீர்கள். சுமார் 15 கிலோமீட்டர் மலைச்சாலையில் போவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மேலே நாற்காலி லிஃப்ட் இருக்கிறது.

போய்ச் சேர்வது

ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து டங்மார்க் வழியாக குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். டங்மார்க்கிலிருந்து கடைசி 13 கிலோமீட்டருக்கு, பனி விழும் நாட்களில், சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டி தேவை. 2025 ஜூனில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பனியாலும் மண்சரிவாலும் நெடுஞ்சாலை அடைபடும் நாளிலும் வெளியேற இன்னொரு வழி கிடைத்திருக்கிறது.

ஔலிக்கு ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை 250 கிலோமீட்டர். மலைச்சாலையில் ஒரு முழுப் பகல் போய்விடும். டிசம்பர், ஜனவரியில் வடநாட்டு மூடுபனி டெல்லி விமானங்களையும் ரயில்களையும் தாமதப்படுத்தும். அது இரண்டு பயணத்தையும் பாதிக்கும் என்றாலும், ரிஷிகேஷை இருட்டிய பிறகு அடைந்தவருக்கு அடுத்த நாள் முழுதும் கைநழுவும்.

இங்கேதான் ஔலிக்காக மனம் இளகுகிறது. அப்பத்தாவையும் ஐயாவையும் அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கு அந்த நீண்ட சாலை வீணல்ல. ஜோஷிமட் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று போற்றப்படுகிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கேதாரம் குளிர்காலத்தில் அடைபட்டிருக்கும். அந்த மாதங்களில் கேதாரநாதருக்குப் பூசை நடப்பது உகிமட்டில். ருத்ரபிரயாகையிலிருந்து சற்று விலகிப் போனால் தரிசித்துவிடலாம். பேரப்பிள்ளைகள் சறுக்கும்போது பெரியவர்கள் வெயிலில் உட்கார்ந்து 7,816 மீட்டர் நந்தா தேவியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். குல்மார்க்கில் பெரியவர்களுக்குக் கோண்டோலா சவாரியை விட்டால் அறைக்குள் கணப்புதான்.

மணாலிக்கு மேலே இருக்கும் சோலாங் பற்றியும் கேட்பார்கள். பனியில் புரண்டு விளையாட நல்ல இடம். சறுக்கு கற்க வேண்டும் என்றே இத்தனை தூரம் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். கூட்டத்துக்கு நடுவே சரிவு கிடைப்பதே பாடு.

கற்றுக்கொள்ளும் இடம்

அப்பர்வட்டின் பெயரைக் கேட்டுப் புதியவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. குல்மார்க் ஊரை ஒட்டிய மென்சரிவுகளில்தான் முதல் நாட்கள் கழியும். அங்கேயே சிறிய இழுவை லிஃப்ட்டுகள், வாடகைப் பலகை, காலணி, நாள்கணக்கில் பயிற்றுநர் எல்லாம் கிடைக்கும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனமும் அங்கே வகுப்பு நடத்துகிறது. ஔலியில் உத்தராகண்ட் அரசு நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகாமின் ஏழு நாள், பதினான்கு நாள் வகுப்புகள் உண்டு. ஒழுங்காக, படிப்படியாகக் கற்க ஔலி வகுப்பு எனக்குப் பிடித்தது. சரிவுகளும் சீராக இருக்கும். பனி இருந்தால்.

இரண்டாம் கட்டத்துக்கு மேலே போகும் ஆசை வந்தால், தயவுசெய்து வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். அது சமன் செய்யாத காட்டுச்சரிவு. 2023 பிப்ரவரியில் அப்பர்வட் பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். பழகிய கால்களைக் கொண்டவர்கள் அவர்கள். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழுள்ள டிஜிஆர்இ வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையை ஒவ்வொரு காலையும் பாருங்கள்.

எந்த வாரம்

மார்கழியில் பிள்ளையார் நோன்பு முடிந்த கையோடு கிளம்பினால் அடிப்பனி போதாது. சரிவில் கல் தலைகாட்டும். பொங்கல் விடுமுறை எல்லோருக்கும் வசதி, ஆனால் 2024இல் அந்த வாரத்தில் போனவர்கள் குல்மார்க்கில் குதிரை ஏறித் திரும்பினார்கள். காஷ்மீரிகள் டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையிலான நாற்பது நாளைச் சில்லை கலான் என்கிறார்கள். அந்தக் கடுங்குளிரில் விழும் பனி உறைந்து கெட்டிப்பட்டுத் தங்கும், பிந்தி விழுவது அதன்மேல் சேரும். அதனால் பிப்ரவரி முதல் பாதியே என் தேர்வு. குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்களுக்கும் இது பெரும்பாலும் ஒத்துவரும்: 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1. 2025ஐப் போலப் பூசம் பிப்ரவரி 11இல் வரும் ஆண்டில் கிடைக்கும் நாட்கள் குறுகும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மார்ச்சுக்குத் தள்ளவும் முடியாது. அந்த ஆண்டு ஜனவரிக் கடைசி வாரத்தில் போய்விட்டு வந்து காவடி எடுக்கலாம்.

டிக்கெட் எடுக்கும்போது தேதி மாற்றக்கூடிய கட்டணத்தைத் தேர்ந்தெடுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் பணம் பனிக்கான காப்பீடு. அறையை ரத்து செய்யும் வசதியோடு பதியுங்கள். புறப்பட ஆறு நாள் இருக்கும்போது இரண்டு மாதிரிகளும் வறண்ட வானத்தையே காட்டி, தரையிலும் பனி இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும். காலையில் வானிலை அறிக்கை பார்ப்பதற்கு அது கட்டாயம் வேண்டும்.