வேப்பேரியா, தெருமுனை கிளினிக்கா?

வடசென்னையில் நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்ற பேச்சு பல வீடுகளில் வைத்தியச் செலவில்தான் தொடங்குகிறது. வியாசர்பாடி, தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு அதற்கு முன் இரண்டு வழி உண்டு.

வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் கட்டணம் குறைவு. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் எல்லாம் ஒரே வளாகத்தில். எலும்பு முறிவு, கட்டி, கர்ப்பப்பையில் சீழ் என்று பெரிய செலவு வைக்கும் கேஸ் என்றால் நான் நேரே இங்கேதான் போவேன். ஆனால் கூட்டம் இருக்கும், அரை நாள் கூலி போய்விடும். பெரிய நாயை ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஆட்டோக்காரரிடம் கெஞ்சுவது தனிக் கதை. மாணவர்களும் சூழ்ந்து நின்று பார்ப்பார்கள். மிரளும் நாய் என்றால் வாய்க்கட்டு எடுத்துப் போங்கள்.

தனியார் கிளினிக்குக்கு வேலை முடிந்து மாலையில் போகலாம். தடுப்பூசி, தோல் அரிப்புக்கு அது போதும். டெஸ்ட்டுக்கு வெளியே எழுதிக் கொடுத்தால்தான் பில் எகிறும். மொத்தம் எவ்வளவு ஆகும், தவணையில் கட்டலாமா என்று முதலிலேயே வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டையும் கலக்கலாம்: ஆபரேஷன் வேப்பேரியில், அப்புறம் கட்டு மாற்றுவது பக்கத்து கிளினிக்கில். குட்டிக்கு ரத்தபேதி என்றால் மட்டும் கணக்குப் பார்க்காமல் எது திறந்திருக்கிறதோ அங்கே ஓடுங்கள்.